திறந்து வைத்த ஃபினோ ஏன் பழுப்பானது? ஹெரெஸும் ஷெர்ரியும்

கூடல்வாசி:
வணக்கம். போன வருடம் ஊருக்குத் திரும்பும்போது மாட்ரிட் விமான நிலையத்தில் ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினில் ஒரு புட்டி வாங்கினேன். லேபிளில் ஃபினோ என்று இருந்தது. ஷெர்ரி என்றால் இனிப்பு என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். முதல் வாய் குடித்ததும் நாக்கே வறண்டுவிட்டது. சர்க்கரை துளியும் இல்லை. பாதாம் தோலைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு, பின்னால் லேசாக உப்பு. எனக்குப் புரியவில்லை. மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

பத்து மாதம் கழித்து நேற்று எடுத்துப் பார்த்தால், வைக்கோல் நிறத்தில் இருந்தது பழுப்பாகியிருக்கிறது. நறுக்கி வைத்து மறந்துபோன ஆப்பிள் வாசம் வருகிறது. ஒயின் நாள்பட நாள்பட ருசி கூடும் என்பார்களே, இது ஏன் இப்படி? நான் வாங்கியது நல்ல சரக்குதானா?

தேம்ஸ்கரை:
சரக்கில் குறை இல்லை அண்ணா, வைத்திருந்த விதத்தில்தான். ஃபினோ என்பது ஷெர்ரியில் உலர்ந்த வகை, அதாவது இனிப்பில்லாதது. ஃபினோவைத் திறந்தால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். பாலை எப்படி வைத்துக்கொள்வீர்களோ அப்படி. திறக்காத புட்டியைக்கூட வருடக்கணக்கில் சேர்த்துவைக்கக் கூடாது. லண்டனில் ஆறு வருடம் ஒயின் கடையில் வேலை பார்த்தேன். மாதத்துக்கு ஒருவராவது இதே புகாரோடு வருவார்.

வடகரை:
கூடல்வாசி, நீங்கள் சொன்ன பாதாம் தோலும் உப்பும்தான் நல்ல ஃபினோவின் அடையாளம். முதல் வாயிலேயே உங்கள் நாக்கு சரியாகப் பிடித்திருக்கிறது. ஏன் அந்த ருசி என்பதற்கு அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கப்பல் பழுதுபார்க்கும் வேலையாக மூன்று வருடம் காதிஸ் மாகாணத்தில் இருந்தவன் நான். பேச ஆரம்பித்தால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெயினின் தென்மேற்கு மூலை. அட்லாண்டிக் கடலோரம். ஹெரெஸ் தெ லா ஃபிரோந்தேரா, எல் புவேர்த்தோ தெ சாந்தா மரியா, சன்லூகர் தெ பர்ரமேதா என்று மூன்று ஊர்கள் ஒரு முக்கோணம் மாதிரி. ஷெர்ரி என்பது ஹெரெஸ் என்ற ஊர்ப்பெயர்தான். அரபு ஆட்சிக் காலத்தில் ஊருக்கு ஷெரீஷ் என்று பெயர். அது ஸ்பானிய வாயில் ஷெரெஸ் ஆகி, பிற்பாடு ஹெரெஸ் ஆனது. ஆங்கிலேயர்கள் பழைய உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு ஷெர்ரி என்றார்கள். இன்றும் அந்த மண்டலத்தின் சட்டப்பூர்வப் பெயர் ஹெரெஸ், ஸெரெஸ், ஷெர்ரி என்று ஸ்பானியம், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றையும் சேர்த்துத்தான். 'லா ஃபிரோந்தேரா' என்றால் எல்லை. 1264-ல் காஸ்தீல் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ ஊரைக் கைப்பற்றிய பிறகு, முஸ்லிம் கிரனாதாவுக்கும் கிறிஸ்தவ காஸ்தீலுக்கும் நடுவே எல்லைப்பகுதியாக இருந்ததால் வந்த ஒட்டு.

மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அல்பரீசா என்பார்கள். ஆகஸ்ட் வெயிலில் அந்தத் தோட்டங்களைப் பார்த்தால் கண் கூசும், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி அவ்வளவு வெள்ளை. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த நிலம். நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான சுண்ணாம்பு மண். ஒரு கட்டியைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. தண்ணீர் ஊற்றினால் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். மழை வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர், அதுவும் குளிர்காலத்தில். அறுவடை முடிந்ததும் கொடி வரிசைகளுக்கு நடுவே பாத்தி மாதிரி பள்ளம் வெட்டி மழைநீரைத் தேக்குவார்கள். அதற்கு அசெர்பியா என்று பெயர். வெயில் ஏற ஏற மேல்மண் இறுகி ஓடு போல மூடிக்கொள்ளும், உள்ளே ஈரம் தங்கிவிடும். கோடை முழுக்க ஒரு சொட்டு மழை இல்லாமல் கொடி பச்சையாக நிற்பது அதனால்தான்.

திராட்சை, பெரும்பாலும் பலோமினோ. தனியாகச் சாப்பிட்டால் சப்பென்று இருக்கும். அதன் சாற்றைச் சாதாரண வெள்ளை ஒயினாக மட்டும் செய்திருந்தால் இந்த ஊரை உலகம் தேடி வந்திருக்காது என்பது என் எண்ணம். மீதி எல்லாம் பீப்பாய்க்குள் நடக்கிறது.

இளவேனில்:
அண்ணா, ஒயின்மேல் பூஞ்சை வளர விடுவார்கள் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் கெட்டுப்போனதைத்தானே குடிக்கிறார்கள்?

வடகரை:
நல்ல கேள்வி. அது பூஞ்சணம் இல்லை, ஈஸ்ட். ஆனால் பெயரைக் கேளுங்கள்: ஃபுளோர். ஸ்பானியத்தில் பூ என்று பொருள். நம் வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திறந்து 'பூத்துப்போச்சு' என்பார்களே, அதே சொல். முதன்முதலில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. எங்கோ இருக்கும் ஊரில், இதே மாதிரி வெள்ளையாகப் படர்வதைப் பார்த்து அவர்களுக்கும் பூ என்றுதான் தோன்றியிருக்கிறது.

ஒரு பொதேகாவில், அதாவது ஒயின் முதிரவைக்கும் கூடத்தில், ஒரு பீப்பாயின் முகப்புப் பலகையைக் கழற்றிக் கண்ணாடி பொருத்தி வைத்திருந்தார்கள். விளக்கைக் காட்டினார் அங்கே வேலை செய்த பெரியவர். பீப்பாயில் ஆறில் ஐந்து பங்குதான் ஒயின். 600 லிட்டர் பிடிக்கும் பீப்பாயில் 500 லிட்டர். மிச்சம் காற்று. ஒயினின் மேல் அழுக்கு வெள்ளையில், பாலாடை போல, சுருக்கம் விழுந்த ஒரு படலம். அதற்குக் கீழே ஒயின் தெளிவாக, வெளிறிய பொன் நிறத்தில் நிற்கிறது. அடியில் உதிர்ந்த படலம் வண்டலாகக் கிடக்கிறது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த ஆடைதான் ஒயினைக் காற்றுப் படாமல் காக்கிறது. காக்கும்போதே அதிலிருந்து தின்னவும் செய்கிறது: ஆல்கஹாலைத் தின்னும், கிளிசரினைத் தின்னும், காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். கிளிசரின் போவதால் ஒயினில் கொழகொழப்பு போய் நாக்கு வறளும் தன்மை வருகிறது. பதிலுக்கு அசெட்டால்டிஹைடு உண்டாகிறது. பச்சை ஆப்பிள், பாதாம், புளித்த மாவு வாசமெல்லாம் அதன் வேலை. உங்கள் புட்டியில் அந்த ஆடை இல்லை, கூடல்வாசி. திறந்ததும் காற்று நேராகப் பாய்ந்துவிட்டது. பழுப்பும் பழைய ஆப்பிள் வாசமும் அதனால் வந்தவை.

இந்தப் பூவுக்குக் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும். அதனால்தான் பொதேகாக்களைக் கோயில் மண்டபம் மாதிரி அவ்வளவு உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். சூடு மேலே போய்விடும். சன்னல்களில் கோரைப் பாய் மாதிரி நார்த்தட்டி தொங்கும், தரையில் மண் போட்டுக் கோடையில் தண்ணீர் தெளிப்பார்கள். கடலிலிருந்து வரும் பொனியெந்தே காற்று ஈரத்தைக் கொண்டுவரும். கிழக்கிலிருந்து லெவாந்தே அடித்தால் அனல், அன்றைக்கு எல்லாத் தட்டிகளையும் இறக்கிவிடுவார்கள். சன்லூகர் குவாதல்கிவிர் ஆற்றின் முகத்துவாரத்திலேயே இருப்பதால் அங்கே படலம் வருடம் முழுவதும் தடிமனாக நிற்கும். அங்கே முதிரும் ஒயினுக்குத் தனிப் பெயர், மன்சனீயா. அதே திராட்சை, அதே மண், பக்கத்து ஊர்தான். இரண்டையும் ஒருசேர ஊற்றிக் குடித்துப் பார்த்தால் வேறுபாடு நன்றாகவே தெரியும்.

இளவேனில்:
பாலாடை என்றதும் புரிந்துவிட்டது. நன்றி அண்ணா.

கணக்குப்பிள்ளை:
எனக்கு ஒரு சந்தேகம். நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு புட்டியில் 'சொலேரா' என்று போட்டு ஏதோ 1800-களின் வருடம் அச்சடித்திருந்தது. அது உண்மையிலேயே அந்த வருடத்து ஒயினா? அப்படியென்றால் அந்த விலைக்கு எப்படிக் கிடைக்கும்?

தேம்ஸ்கரை:
இல்லை சார். அந்தப் பீப்பாய் வரிசையைத் தொடங்கிய வருடம் அது. உறைமோர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுகிறோம், நாளைக்கு இதிலிருந்து. அம்மா வீட்டிலிருந்து வந்த உறை என்று சொல்வோம். அதற்காகத் தயிர் முப்பது வருடத்துத் தயிர் ஆகிவிடாது.

சொலேரா என்ற சொல் 'சுவேலோ', தரை என்பதிலிருந்து வந்தது. தரையோடு இருக்கும் பீப்பாய் வரிசையில் மிகப் பழைய ஒயின். அங்கிருந்துதான் புட்டிக்கு எடுப்பார்கள், ஒரு தடவையில் ஒரு பங்குதான். எடுத்த அளவை அடுத்த அடுக்கிலிருந்து நிரப்புவார்கள், அதை அதற்கடுத்த அடுக்கிலிருந்து. இந்த அடுக்குகளுக்குக் கிரியதேரா என்று பெயர், வளர்ப்பிடம் என்று பொருள். கடைசி அடுக்கில் புது ஒயின் போகும். எந்தப் பீப்பாயும் முழுசாகக் காலியாவதே இல்லை.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் சராசரி வயதைக் கணக்குப் போடலாமே. நான்கு அடுக்கு, அடுக்குக்கு 30 பீப்பாய், பீப்பாய்க்கு 500 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60,000 லிட்டர். தரை வரிசையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது வருடத்துக்கு 5,000 லிட்டர், வெளியே போகிறது. ஆவியாவதை விட்டுவிட்டால் ஒரு சொட்டு உள்ளே தங்கும் காலம் சராசரியாக 60,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் வருவது, 12 வருடம். தொடக்கத்தில் தரை வரிசையில் ஊற்றிய ஒயினில் பத்து வருடம் கழித்து நூற்றுக்கு இரண்டு பங்குகூட மிஞ்சியிருக்காது. நூறு வருடத்தில் இல்லையென்றே சொல்லலாம்.

ஆனால் பூஜ்யம் ஆவதில்லை. கணக்குப்படி ஒருபோதும் ஆகாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

தேம்ஸ்கரை:
உங்கள் கணக்கைத்தான் அங்கே சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் சார். சராசரி 20 வருடம் தாண்டியவற்றுக்கு வி.ஓ.எஸ்., 30 தாண்டியவற்றுக்கு வி.ஓ.ஆர்.எஸ். என்று இரண்டு முத்திரைகள், 2000-த்திலிருந்து. முத்திரை வாங்க வேண்டுமானால் எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் முறையே 20 லிட்டர், 30 லிட்டர் உள்ளே இருப்பு இருக்க வேண்டும். சுவைப்பவர்கள் குழு குடித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

கரிசல்மண்:
எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. இத்தனை மண் பெருமை பேசுகிறீர்கள். கடைசியில் அதில் திராட்சைச் சாராயத்தைக் கலக்கிறார்களே? மண்ணின் ருசி என்றால் கலக்காமல் அல்லவா விட வேண்டும்?

வடகரை:
நியாயமான கேள்விதான். ஆனால் போதைக்காகக் கலப்பதாக நினைக்காதீர்கள். புளித்து முடிந்ததும் ஒயினில் ஆல்கஹால் 11, 12 சதவீதம் இருக்கும். அதை 15-க்கு உயர்த்தினால் ஃபுளோர் வாழும், ஒயினைக் காடியாக்கும் கிருமிகள் அடங்கும். 17-க்கு மேல் கொண்டுபோனால் ஃபுளோரே செத்துவிடும், ஒயின் காற்றோடு நேராகப் பழகி வாதுமைக்கொட்டை நிறமாகும். அது ஒலொரோசோ. ஆக, ஒரே சாறு இந்த வழியில் போக வேண்டுமா அந்த வழியில் போக வேண்டுமா என்று முடிவு செய்யும் இடம் அது. சாராயத்தை அப்படியே கொட்டவும் மாட்டார்கள். முதலில் பழைய ஒயினோடு பாதிக்குப் பாதி கலந்து ஆறவிட்டு, அப்புறம்தான் சேர்ப்பார்கள்.

அந்த முடிவைச் சாக்பீஸில் பீப்பாய் முகத்தில் எழுதுவார்கள். பீப்பாய் கருப்பு வண்ணம் பூசியிருக்கும், அதனால் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். மென்மையானதற்கு ஒரு சாய்ந்த கோடு, கனமானதற்கு வட்டம். ஃபினோ ஆகும் என்று கோடு போட்டு வைத்தது சில சமயம் சொன்ன பேச்சைக் கேட்காது. படலம் மெலிந்து ஒயின் வேறு திசையில் போகும். அப்போது அந்தக் கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு. 'பாலோ கொர்தாதோ', வெட்டிய கோல். மூக்கில் வைத்தால் அமோந்தியாதோ, வாயில் வைத்தால் ஒலொரோசோ என்பார்கள். எனக்கு உயிர்.

தேம்ஸ்கரை:
அமோந்தியாதோ என்றால் ஃபினோவாகத் தொடங்கி, ஃபுளோர் அடங்கியபின் காற்றில் முதிர்ந்தது. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். கோர்தோபா மாகாணத்து மொந்தியா ஊர்ப் பாணி என்ற பொருளில் வந்த பெயர்.

கரிசல்மண் அண்ணனுக்கு இன்னொரு செய்தி. உங்கள் கட்சியில் ஆட்கள் ஹெரெஸிலேயே இருக்கிறார்கள். திராட்சையை நன்றாகப் பழுக்கவிட்டு, பறித்த பின் கொஞ்சம் வெயிலில் போட்டால் சாராயம் சேர்க்காமலேயே 15 சதவீதம் எட்டும், அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள் என்று சில இளம் உற்பத்தியாளர்கள் வாதாடினார்கள். அண்மையில் விதியையே திருத்திவிட்டார்கள். இயற்கையாகவே அந்த அளவை எட்டினால் கலக்காமல் ஷெர்ரி என்று விற்கலாம். தோட்டத்தின் பெயரை லேபிளில் போடுவதற்கும் இப்போது மரியாதை கூடியிருக்கிறது.

கரிசல்மண்:
அப்படியா! அது கேட்க நன்றாக இருக்கிறது. கிடைத்தால் முதலில் அதைத்தான் வாங்குவேன்.

சமையற்கட்டு:
எல்லாரும் உலர்ந்த ஷெர்ரியைப் பற்றியே பேசுகிறீர்கள். இனிப்பு ஷெர்ரி என்றால் தரம் குறைந்தது என்ற தொனி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெத்ரோ ஹிமேனெஸ் திராட்சையைப் பாயில் பரப்பி வெயிலில் வாரக்கணக்கில் காயவிட்டு, அரை உலர்திராட்சையாக ஆனபின் பிழிகிறார்கள். வருகிற ஒயின் கருப்பாக, கருப்பட்டிப் பாகு மாதிரி கோப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும். லிட்டருக்கு 400 கிராம் சர்க்கரை வரைகூடப் போகும். வெனிலா ஐஸ்கிரீம்மேல் ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள். அத்தியும் பேரீச்சையும் காப்பியும் சேர்ந்த வாசம். அதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

தேம்ஸ்கரை:
அக்கா, பெத்ரோ ஹிமேனெஸை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம் வேறு. பிரிட்டனில் பல தலைமுறைக்கு ஷெர்ரி என்றாலே கிறிஸ்துமஸுக்கு எடுத்து மறுபடி அலமாரியில் பூட்டும், 'கிரீம் ஷெர்ரி' என்ற மலிவான இனிப்பு ஒயின் என்று ஆகிவிட்டது. ஊர்ப்பெயரையே களவாடிக்கொண்டார்கள் என்பது அதைவிடப் பெரிய கொடுமை. வெளியிலிருந்து வந்த திராட்சைச் சாற்றுப் பாகில் தண்ணீர் சேர்த்து, இங்கிலாந்திலேயே புளிக்கவைத்து 'பிரிட்டிஷ் ஷெர்ரி' என்று விற்றார்கள். தென்னாப்பிரிக்க ஷெர்ரி, சைப்ரஸ் ஷெர்ரி எல்லாம் இருந்தன. 1967-ல் லண்டன் நீதிமன்றம், வெறும் ஷெர்ரி என்றால் ஹெரெஸ் ஒயின்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் இவ்வளவு காலம் சும்மா இருந்துவிட்டீர்கள், முன்னால் நாட்டுப் பெயரைச் சேர்த்து அவர்கள் விற்கலாம் என்றும் சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அந்தப் பெயர் முழுசாக ஹெரெஸுக்குத் திரும்பியது 1996-ல்தான். ஹெரெஸின் ஒழுங்குமுறை ஆணையம் 1930-களிலேயே வந்துவிட்டது. அறுபது வருடம் தங்கள் ஊர்ப்பெயருக்காகத் தாங்களே நடையாய் நடந்திருக்கிறார்கள்.

வடகரை:
தம்பி சொன்ன அந்தக் காலம்தான் ஊரையும் அடித்துப்போட்டது. 1970-களில் விற்பனை உச்சிக்குப் போனது, கண்ட இடத்திலெல்லாம் கொடி நட்டார்கள். ருமாசா என்ற குழுமம் பொதேகாக்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி, விலையைக் குறைத்து அளவைப் பெருக்கியது. 1983-ல் அரசாங்கம் அந்தக் குழுமத்தையே கையகப்படுத்தியது. அப்புறம் சரிவுதான். 20,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த தோட்டம் இன்றைக்குச் சுமார் 7,000. ஊருக்குள் நடந்தால் கூரை இடிந்து, உள்ளே செடி முளைத்துக் கிடக்கும் பழைய பொதேகாக்களைப் பார்க்கலாம். அறுவடைக்குக் கூலிக்குப் போன குடும்பங்களின் கதையை என்னோடு வேலை செய்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒயின் மலிவாக விற்றது என்று நாம் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம், அந்த மலிவு அவர்கள் கூலியிலிருந்துதான் போயிருக்கிறது.

எதற்கும் அசைந்துகொடுக்காத ஊர் அது. 1587-ல் ஆங்கிலேய மாலுமி டிரேக் காதிஸ் துறைமுகத்தைத் தாக்கி ஏறக்குறைய 2,900 பீப்பாய் ஒயினை அள்ளிக்கொண்டு போனார், அதுவே லண்டனில் ஷெர்ரிக்கு விளம்பரமாகிவிட்டது. 1894-ல் ஃபிலோக்சரா பூச்சி வந்து வேர்களைத் தின்றது, அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டி மீண்டார்கள். இந்த முறையும் மீண்டுகொண்டிருக்கிறார்கள் என்றுதான் நம்புகிறேன். தபாங்கோ என்ற பழைய குடிக்கடைகள் திரும்பத் திறந்திருக்கின்றன. பீப்பாயிலிருந்து நேராக ஊற்றித் தருவார்கள், பக்கத்து மேசையில் யாராவது கைதட்டிப் பாட ஆரம்பிப்பார்கள். அங்கே இளைஞர்கள் நிறைய வருகிறார்கள்.

இளவேனில்:
விஸ்கி லேபிளில் 'ஷெர்ரி பீப்பாய்' என்று போடுகிறார்களே, அது சொலேராவில் இருந்த பீப்பாயா?

தேம்ஸ்கரை:
பெரும்பாலும் இல்லை தம்பி. சொலேரா பீப்பாயை யாரும் விற்க மாட்டார்கள், எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது அவர்களுக்கு. முன்பு ஷெர்ரி கப்பலில் பீப்பாயோடு பிரிட்டனுக்கு வரும். காலிப் பீப்பாயைத் திருப்பி அனுப்பும் செலவுக்கு ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1980-களில் ஸ்பெயினிலேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்று ஆனபின் அது நின்றுபோனது. இப்போது விஸ்கிக்காகவே புதுப் பீப்பாய் செய்து, ஒன்றிரண்டு வருடம் ஷெர்ரி ஊற்றி ஊறவைத்துக் கொடுக்கிறார்கள்.

சமையற்கட்டு:
இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அந்தக் காலத்தில் ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவை அடித்துப் பீப்பாயில் விடுவார்களாம். மஞ்சள்கரு கூடை கூடையாக மிஞ்சும். அதைக் கன்னியர் மடங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த மஞ்சள்கருவும் சர்க்கரைப் பாகும் மட்டும் சேர்த்து அவர்கள் செய்ததுதான் தொசீனோ தெ சியேலோ. வானத்துக் கொழுப்பு என்று அர்த்தம் வரும். மாவும் இல்லை, பாலும் இல்லை. நான் இரண்டு முறை செய்தேன், முதல் முறை ஆவி அதிகமாகி ஓட்டை ஓட்டையாக வந்தது. தீயைச் சிறிதாக்கி, தட்டின்மேல் துணி போட்டு மூடினால் பளபளவென்று வருகிறது. சின்னத் துண்டு, பக்கத்தில் ஒரு விரல் உயரத்துக்கு ஒலொரோசோ. வேறெதுவும் வேண்டாம்.

கூடல்வாசி:
எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. பழைய புட்டியை என்ன செய்வது? இன்னொன்று வாங்கினால் எதோடு சாப்பிடுவது?

வடகரை:
பழையதைச் சமையலுக்கு விட்டுவிடுங்கள். பூண்டு வதக்கும்போது ஒரு சுற்று ஊற்றினால் நன்றாகவே இருக்கும். புதிது வாங்கும்போது அரைப் புட்டியாக, எப்போது அடைத்தது என்று தேதி பார்த்து வாங்குங்கள். நன்றாகக் குளிரவைத்து, சின்ன ஒயின் கோப்பையில் பாதிதான் ஊற்ற வேண்டும். அங்கே ஒரு வாய்மொழி உண்டு: நீந்துவதற்கு ஃபினோ, பறப்பதற்கு அமோந்தியாதோ, ஓடுவதற்கு ஒலொரோசோ. அதாவது மீனுக்கு, கோழிக்கு, ஆட்டுக்கு. சன்லூகரில் அவித்த இறாலும் மன்சனீயாவும்தான். இறாலில் உப்பைத் தவிர ஒன்றும் போட மாட்டார்கள்.

கூடல்வாசி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பெங்களூரில் ஒரு கடையில் அரைப் புட்டி கிடைத்தது. நேற்று மனைவியும் நானும் இறாலை உப்பு மட்டும் போட்டு அவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதே பாதாம், அதே உப்பு. போன வருடம் முகத்தைச் சுளித்தேன், இந்த முறை ஒரு வாய் இறால், ஒரு வாய் ஃபினோ என்று மாறி மாறி எடுத்தபோது அந்த வறட்சிதான் அடுத்த வாய்க்கு இழுத்தது. கோப்பை காலியான பிறகும் மோந்துபார்த்துக்கொண்டே இருந்தேன். இட்லி மாவுப் பானையைத் திறந்தால் வரும் வாசம் லேசாக அடிக்கிறது என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

பாதிப் புட்டி மிச்சம் இருக்கிறது, குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு வரை தாங்குமா?

தேம்ஸ்கரை:
வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள் அண்ணா.